இடது தோளுக்கு வந்த பந்து

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், வேலைக்குப் போகிறோம். நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், இல்லையென்றால் எனக்கு எழுத ஓடாது. போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று சிரிப்பாய். சிரி. நம் வீட்டுச் சுவர் உனக்குத் தெரியாததா, அந்தப் பக்கம் ஒருத்தர் தும்மினால் இந்தப் பக்கம் நாம் மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் நீ போனில் கேட்டதற்கெல்லாம் நான் ஊம் ஊம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு போனிலும் நீ கேட்டதும் ஒன்றே ஒன்றுதான், தங்கச்சி கூட ஆடற அந்த நெட்டைக் குச்சிய இன்னும் ஏம்மா வீட்ல வச்சிருக்க, பெட்டியக் கட்டி வெளிய அனுப்பு, உனக்கு ரோஷமே கிடையாதா என்றாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். தையல் செக்ஷனில் மதிய இடைவேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன், காகிதத்தில் பஞ்சு ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி.

உன் தங்கச்சி உன்னிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். டீம்ல இல்லண்ணா, ஷோரூம்ல போட்டுட்டாங்க, அவ்வளவுதான் சொல்லியிருப்பாள். மீதியை நீ பக்கத்து வீட்டுக்காரர் மகன் மூலமாகக் கேட்டிருக்கிறாய், அவன் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்கிறவன். நான் கண்ணால் பார்த்தவள், நான் சொல்கிறேன் கேள். எங்கள் மெத்தைக் கம்பெனியை ஃபிரிட்ஜ் கம்பெனிக்காரர்கள் வாங்கிவிட்டது உனக்குத் தெரியும். மெத்தை செய்கிற கம்பெனிக்குப் பெண்கள் வாலிபால் டீம் எதற்கு என்று நீ முன்பெல்லாம் கேலி பண்ணுவாய், விழுந்து புரள்றவங்களுக்கு மெத்தை வேணாமாடா என்று அப்பா சொல்வார். ஃபிரிட்ஜ் கம்பெனிக்கும் ஒரு டீம் இருக்கிறதாம். ஒரே முதலாளிக்கு இரண்டு டீம் எதற்கு, இரண்டையும் கலந்து நல்லவர்களாகப் பொறுக்கி ஒன்றாக்கிவிடலாம் என்று மேலே முடிவு பண்ணிவிட்டார்கள். யாரையும் வேலையை விட்டு அனுப்பமாட்டோம், டீமில் இடம் கிடைக்காதவர்களுக்குக் கம்பெனியில் வேறு வேலை தருவோம் என்றும் சொன்னார்கள். கம்பெனிக்குச் சொந்தமான டீம் என்றால் அப்படித்தான், ஆடுகிறவளும் சம்பளக்காரி, கைதட்டுகிறவளும் சம்பளக்காரி. இத்தனை வருஷமாக எந்த மேட்ச் என்றாலும் எங்களை செக்ஷன் வாரியாக பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் உட்கார வைத்துக் கைதட்டச் சொல்வார்களே, அதுபோலத்தான் பொறுக்குகிற அன்றைக்கும் மெஷினை நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். புது முதலாளிகள் வருகிறார்கள், ஆள் நிறைந்து இருக்க வேண்டுமாம்.

ஃபேக்டரி பின்பக்கத்து ஷெட்டில் இருக்கிற கோர்ட்தான். இரண்டு டீமையும் கலைத்து, மஞ்சள் சட்டை வெள்ளைச் சட்டை என்று புதிதாகப் பிரித்துவிட்டார்கள், இவ்வளவு நாள் ஒன்றாக ஆடினவர்கள் வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் நின்றார்கள். உன் தங்கச்சி மஞ்சள் பக்கம், குச்சி வெள்ளைப் பக்கம். உன் தங்கச்சிக்கு என்ன வேலை என்று உனக்கே இன்னும் சரியாகத் தெரியாது, அவள் லிபரோ. அவளுக்கு மட்டும் வேறு நிறத்தில் சட்டை கொடுத்திருப்பார்கள், எகிறி அடிக்கிற வேலை அவளுக்குக் கிடையாது, அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பந்து தரையில் விழாமல் விழுந்து விழுந்து எடுத்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. ஒரு டீமுக்கு ஒருத்திதான் வேண்டும் என்றார்கள். ஃபிரிட்ஜ் கம்பெனிக்காரர்களிடமும் ஒரு லிபரோ இருந்தாள், சின்னப் பெண், அவள் வெள்ளைப் பக்கம். குச்சிக்கும் நிலைமை ஒன்றும் சுகமாக இல்லை, அவள் இடத்துக்கு அந்த டீமிலிருந்து இரண்டு பேர் போட்டி, இரண்டு பேரும் இவளைவிட வயசு குறைந்தவர்கள். முதல் இரண்டு ஆட்டத்திலும் உன் தங்கச்சியைப் பார்க்க வேண்டுமே, பெருமைக்குச் சொல்லவில்லை, பந்து எங்கே விழுமோ அங்கே முன்னாடியே போய் இவள் உட்கார்ந்திருந்தாள். எங்கள் செக்ஷன்காரிகள் சொல்லாமலேயே கைதட்டினார்கள்.

மூன்றாவது ஆட்டத்தில் குச்சிக்கு சர்வீஸ் வந்தது. அவள் சர்வீஸ் போட்டால் எப்படி இருக்கும் என்று நீ வீடியோவில் பார்த்திருக்கிறாய், அந்த உயரத்துக்கு எகிறி மேலேயிருந்து அறைவாள். அறைந்தாள், நேராக உன் தங்கச்சியின் இடது தோளுக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தோள் கழன்று மாட்டினதே, அதற்கப்புறம் அந்தக் கை தோள் மட்டத்துக்கு மேலே ஒரு நொடி தாமதமாகத்தான் எழும்பும். கீழே வருகிற பந்தை எடுப்பாள், வலது பக்கம் வருவதை எடுப்பாள், இடது தோளுக்கு நேராக வந்தால் மட்டும் முடியாது. இது வெளியில் யாருக்கும் தெரியாது. கோச்சுக்கே முழுசாகத் தெரியாது என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், ராத்திரி ராத்திரி வெந்நீர்ப் பை வைத்துவிட்டவள் அந்தக் குச்சி, அவளுக்குத் தெரியும். முதல் பந்து இவள் கையில் பட்டு எங்கள் பக்கத்துக்குப் பறந்து வந்தது. சரி, கை தவறிப் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அவள் பக்கம் பாயின்ட் எடுத்துக்கொண்டே இருக்கிறவரை அவளேதான் சர்வீஸ் போட வேண்டும், திரும்பவும் போட்டாள், திரும்பவும் அதே தோள். அதற்கு அடுத்ததும் அதே இடம். உன் தங்கச்சி ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்து நின்றாள். புது முதலாளிகள் பக்கத்தில் ஒருத்தர் இன்னொருத்தர் காதில் ஏதோ சொன்னார். கோச் விசிலை ஊதி உன் தங்கச்சியை வெளியே கூப்பிட்டுவிட்டார். என் பக்கத்தில் இருந்த கட்டிங் மேஸ்திரியின் பெண்டாட்டி என் தொடையை நறுக்கென்று கிள்ளி, உன் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு எப்படிப் போடறா பாத்தியா என்றாள். கிள்ளின இடம் எனக்கு வலிக்கவே இல்லை.

சாயங்காலம் கேன்டீனில் மைக் வைத்து மேனேஜர் பெயர்களை வாசித்தார். குச்சி பெயர் இருந்தது. உன் தங்கச்சி பெயர் இல்லை. விற்பனைப் பிரிவு என்று வாசித்தபோது அவள் பெயர் வந்தது. வீட்டுக்கு வருகிற கம்பெனி பஸ்ஸில் எப்போதும் உட்காருகிற சீட்டிலேயே இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள், நான் பின்சீட்டில் இருந்து இரண்டு பின்னந்தலையையும் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து கை கால் கழுவினார்கள், தட்டு எடுத்து வைத்தார்கள், சாப்பிட்டார்கள். நானும் பரிமாறினேன். குச்சிக்கு எப்போதும் வைக்கிற மாதிரி இரண்டு முட்டை வைத்தேன், வைத்த பிறகுதான் ஏன் வைத்தோம் என்று தோன்றியது, எடுக்கவும் கை வரவில்லை. கோபம் வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அழுகை வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு ஊசி போடுவார்களே, உதட்டைத் தொட்டால் வேறு யாருடைய உதடோ மாதிரி இருக்குமே, அப்படித்தான் அன்றையிலிருந்து எனக்கு உடம்பு முழுக்க இருக்கிறது. மெத்தைக்கு விளிம்பு தைக்கும்போது நான்கு மூலையும் திரும்பி வந்தது தெரியாமல் தைத்த தையல் மேலேயே இரண்டாம் சுற்றும் தைத்துக்கொண்டு போயிருக்கிறேன், சூப்பர்வைசர் வந்து, என்ன, இந்த மெத்தை யானைக்கா என்றார். நீ ரோஷம் இல்லையா என்று கேட்டாயே, இருந்தால்தானே கண்ணா காட்டுவதற்கு.

உன் தங்கச்சி வேலையைப் பற்றிச் சொல்கிறேன், நீ அவளிடம் கேட்டால் மழுப்புவாள். மெயின் ரோடு ஷோரூமில் போட்டிருக்கிறார்கள். மெத்தை வாங்க வருகிறவர்கள் படுத்துப் பார்க்கக் கூச்சப்படுவார்களாம், அதனால் கடைப் பெண் முதலில் படுத்துக் காட்ட வேண்டும், வலது பக்கம் ஒருக்களிக்க வேண்டும், இடது பக்கம் ஒருக்களிக்க வேண்டும், பாத்தீங்களா முதுகு எப்படி நேரா இருக்கு என்று படுத்தபடியே சொல்ல வேண்டும். ஊர் ஊராகப் பந்து பொறுக்கப் போன பெண் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சாக்ஸ் போட்ட காலோடு படுத்துக் கிடக்கிறாள். படுத்தா சம்பளம், யாருக்கும்மா கிடைக்கும் என்று வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். நான் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டேன். போன வாரம் கடைக்கு வந்த ஒரு வாண்டு அலமாரி மேலிருந்த தலையணையை இழுத்துத் தள்ளிவிட, இவள் அந்தக் கோடியில் பில் போட்டுக்கொண்டிருந்தவள் எனக்கு என்று கத்திக்கொண்டே பாய்ந்து, தரையில் சறுக்கிக்கொண்டு போய், இரண்டு கையையும் சேர்த்து அந்தத் தலையணையை மேலே தட்டிவிட்டிருக்கிறாள். டீமில் யாராவது எடுக்கட்டும் என்று இல்லாமல் இது என் பந்து என்பதற்கு எனக்கு என்று கத்துவார்களே, அந்தப் பழக்கம். தலையணை போய் ஒரு பெரியவர் தலையில் விழுந்ததாம். வாங்க வந்தவர்கள் எல்லாம் கைதட்டினார்களாம், கடை மேனேஜர் மட்டும், தலகாணி விழுந்தா உடையாதும்மா, நீங்க எழுந்திருங்க என்றாராம். இதையும் சிரிப்புக் கதையாகத்தான் சொன்னாள். முட்டியில் தோல் வழன்று போயிருந்தது.

உன் அப்பா சமாச்சாரம் தனி. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிற வேலையை விட்டு வந்தும் அவருக்குக் கால் அடங்கவில்லை, டிவியில் மேட்ச் பார்க்கும்போதுகூட பந்து வெளியே போகிற மாதிரி இருந்தால் தரையை மிதித்து பிரேக் போடுவார். அவர் குச்சியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பாள், இவர் என்னைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டு, அந்தப் பேப்பர இங்க குடுக்கச் சொல்லு என்பார். அவள் எடுத்துக் கொடுப்பாள். வாங்கிக்கிட்டேன்னு சொல்லு என்பார். நான் இவருக்கும் அவளுக்கும் நடுவில் தபால்காரி மாதிரி நின்றேன். சின்னவளுக்கோ ஏகப்பட்ட உபசாரம், காலையில் இவரே டீ போட்டு எடுத்துக்கொண்டுபோய்க் கட்டிலில் கொடுக்கிறார், இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு தம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுத்திருப்பாரா இந்த மனுஷன். நானும் சும்மா இல்லை, அவள் துணியை நான் துவைத்தேன், அவள் ஷூவை நான் துடைத்தேன், தட்டைக்கூட எடுக்கவிடவில்லை. வேண்டாம்மா விடு என்பாள், நான் விடமாட்டேன்.

இப்போது நான் சொல்லப்போவது பக்கத்து வீட்டுக்காரர் மகனுக்கும் தெரியாது. ஒரு நாள் காலையில் குப்பையைக் கொட்டப் பின்பக்கம் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் காலி இடம் இருக்கிறதே, நீ சைக்கிள் பழகி விழுந்த இடம், அங்கே தொப்பு தொப்பு என்று சத்தம். எட்டிப் பார்த்தால், அந்தக் கோடியில் நின்று குச்சி எகிறி அறைகிறாள், இந்தக் கோடியில் உன் தங்கச்சி குனிந்து நின்று வாங்குகிறாள். எங்கே வாங்குகிறாள், அதே இடது தோளில். பந்து கையில் பட்டுக் கோணலாகப் பறக்கிறது, இவளே ஓடிப்போய் எடுத்துக்கொண்டுவந்து அவளிடம் வீசுகிறாள், இன்னும் கொஞ்சம் கீழ போடுடி, காதுக்கு மேல போகுது, எவளா இருந்தாலும் விட்டுருவா என்கிறாள். வெளியே தள்ளினவளுக்கு, தள்ளின அதே சர்வீஸைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்! நான் அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. திரும்பி உள்ளே வந்துவிட்டேன், குப்பைக் கூடை கையிலேயே இருந்திருக்கிறது, அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்திருக்கிறேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, என்னையும் பார்த்துவிட்டு, எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார்.

அன்றைக்குத்தான் நீ சொன்னதைச் செய்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். கோபத்தில் இல்லை, அது இருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்தப் பெண் இந்த வீட்டில் இருக்கிறவரை என் பெண் தோளைக் காட்டிக்கொண்டே நிற்பாள், ஒருத்தி போனால் ஒருத்தி பிழைப்பாள் என்று ஒரு கணக்கு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் அதிகம், உன் தங்கச்சி போய்விட்டாள். குச்சி ரூமில் சாக்ஸ் மடித்துக்கொண்டிருந்தாள். நீ வேற எடம் பாத்துக்கம்மா, எங்களால முடியல என்றேன். நான் ஒரு பெரிய பேச்சுக்குத் தயாராகப் போயிருந்தேன், நன்றி கெட்டவளே, கம்பெனி ஹாஸ்டல் ஒழுகுகிறது என்று ஒரு வாரத்துக்கு வந்தவள் ஏழு வருஷம் இருந்துவிட்டு இந்த வேலை செய்தாயே என்றெல்லாம் மனசுக்குள் கோர்த்து வைத்திருந்தேன், ஒன்றும் தேவைப்படவில்லை. சரிங்கம்மா என்று எழுந்து பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். எங்கே போவாய் என்று நான் கேட்கவில்லை. அவள் அண்ணன்மார்கள் வீட்டுக்குப் போன் அடிப்பதோடு சரி, போய்த் தங்குகிற உறவு இல்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று நான் கேட்டேன், ஏன் அந்த எடத்துல போட்ட என்று. அவள் துணியை மடித்துக்கொண்டே, வேற எங்க போட்டாலும் எடுத்துருவாம்மா என்றாள். என் பெண்ணைப் பாராட்டுகிறாளா, என்னைக் கேலி பண்ணுகிறாளா என்று புரியவில்லை.

பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு, அவ வர்ற வரைக்கும் நிக்கட்டுமா, சொல்லிட்டுப் போயிடறேன் என்றாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வந்து உட்காரவும் இல்லை, நானும் கூப்பிடவில்லை. உன் தங்கச்சி வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். யாரு சொன்னது என்றாள். நான்தான் என்றேன், அண்ணனும் சொன்னான் என்று உன்னையும் சேர்த்துக்கொண்டேன், ஒரு துணை வேண்டாமா எனக்கு. அதற்கப்புறம் அவள் பேசினதை அப்படியே எழுதுகிறேன், மாற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. அம்மா, அவ அங்க போட்டதுல எனக்குக் கோவம் இல்லைன்னு நான் சொல்லல, அன்னிக்கு ராத்திரி அவ மூஞ்சிலயே ஒண்ணு விடலாம்னு இருந்துச்சு. ஆனா அவ மட்டும் எம்மேல பாவப்பட்டு வேற பக்கம் போட்டிருந்தான்னு வையி, அத்தன பேர் முன்னாடி, அந்தக் கோர்ட்டுலயே நான் செத்திருப்பேன். எனக்கு எது முடியாதுன்னு தெரிஞ்சுகிட்டு, அதத் தொடாம சுத்திச் சுத்திப் போறதுக்குப் பேரு என்ன, அதுதான் அவமானம். இப்ப நீங்க எல்லாரும் அதத்தான் பண்றீங்க. அப்பா டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டறாரு. நீ என் துணியத் துவைக்கிற, நான் என்ன செத்தா போயிட்டேன். ஆடறதுக்குத்தான் என்னைய வேணாம்னுட்டாங்க, வாழறதுக்குமா வேணாம்னுட்டாங்க? இந்த வீட்ல என்னைய எப்பவும் போல நடத்தறது இவ ஒருத்திதான். இவளும் போயிட்டா நான் யாருகிட்டம்மா அடி வாங்கறது? இதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. டீமிலிருந்து தூக்கின நாளிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை, வாசலில் நின்று மூக்கு ஒழுக அழுதாள். குச்சி அவளைவிட ஒரு தலை உயரமாக நின்றுகொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா ஹாலில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து வந்தார். அந்தப் பெட்டிய உள்ள எடுத்துட்டு வரச் சொல்லு என்று என்னிடம் சொன்னார். பிறகு கொஞ்சம் யோசித்து, குச்சி பக்கமாகத் திரும்பி, எடுத்துட்டு வாம்மா என்று அவளிடமே சொன்னார். அவள் அசையவில்லை, என்னைத்தான் பார்த்தாள், நான் சொல்ல வேண்டும் என்று நின்றாள். நல்ல பெண். மன்னிப்புக் கேட்பதா, அதட்டுவதா, நான்தான் மரக்கட்டை ஆயிற்றே. பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து நானே தூக்கினேன். செங்கல் வைத்திருக்கிறாளா என்று கேட்டேன். ஷூம்மா என்றாள். உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டேன்.

மறுநாள் என்ன ஆயிற்று தெரியுமா. உன் தங்கச்சி குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டை என் கட்டில் மேல் எறிந்துவிட்டுப் போனாள். பழைய நாளாக இருந்தால் வீட்டைக் கூரையோடு தூக்கியிருப்பேன். இத்தனை வாரமாக சத்தமில்லாமல் எடுத்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன், அன்றைக்கும் கை துண்டுக்குத்தான் போனது. போன கையை நிறுத்திவிட்டு, எருமை மாடே, இது கட்டிலா கொடியா என்று கத்தினேன். கத்த வேண்டும் என்று நினைத்துத்தான் கத்தினேன், முதல் வார்த்தை நாடகம் மாதிரிதான் இருந்தது. அவள் அங்கேயிருந்து, ஒரு துண்டுக்கு இவ்வளவு கத்தறியே நீ என்ன மைக் செட்டா என்றாள். எதிர்த்தாப் பேசற என்றேன். அதற்கு அவள் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, தட்டு கழுவாதது, கதவைப் படார் என்று சாத்துவது, போன வருஷம் என் கண்ணாடி மேல் உட்கார்ந்தது என்று எல்லாம் வந்துவிட்டது. நடுவில் குச்சி தலையை நீட்டி, கண்ணாடி மேல உக்காந்தது நான்மா என்றாள், அவளுக்கும் திட்டு விழுந்தது. அப்பா ஹாலில் தரையை மிதித்து பிரேக் போட்டுப் பார்த்தார், நிற்கவில்லை. கத்திக்கொண்டே இருக்கும்போது எனக்கு அழுகை வந்தது. கோர்ட்டில் வர வேண்டியது, கேன்டீனில் வர வேண்டியது, எல்லாம் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். ஊசி மருந்தின் மரமரப்பு முழுக்க இறங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன், நாளின் பெரும்பாகம் இன்னும் அந்த மரத்த உதடுதான். நடுநடுவே சுருக்கென்கிறது, அவ்வளவு வந்திருக்கிறது. அவர்கள் இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போவதை நிறுத்தவில்லை. நான் போய்ப் பார்ப்பதில்லை, தொப்பு தொப்பு என்று சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு காய் நறுக்குகிறேன். தோள் வலிக்கிறது என்று வந்தால் வெந்நீர்ப் பை கொடுப்பேன், போதாதா.

அதனால் குச்சி இங்கேதான் இருக்கிறாள், இங்கேதான் இருப்பாள். உனக்கு அவள் மேல் கோபம் இருந்தால் வைத்துக்கொள், நேரில் வரும்போது அவளிடமே கேள், ஜாக்கிரதை, உன்னைவிட அவள் கை நீளம். நீ அங்கே உடம்பைப் பார்த்துக்கொள், கம்பளிச் சட்டையை ஊறவைத்து மறந்துவிடாதே, வேலை இடத்தில் யாரிடமும் முறைத்துக்கொள்ளாதே. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், நினைத்தது நடக்க வேண்டும், பசித்த நேரத்துக்குச் சாப்பாடும் படுத்த நேரத்துக்குத் தூக்கமும் உனக்கு வர வேண்டும், வேறென்ன கேட்கப்போகிறேன். இடைவேளை மணி அடித்துவிட்டது, சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒன்று மட்டும் மறக்காதே. நேற்று உன் போன் வந்து போன பிறகு உன் தங்கச்சி என்ன சொன்னாள் தெரியுமா. அண்ணன் என்னைய திட்டி எவ்வளவு நாளாச்சும்மா, சாப்டியாம்மா தூங்கினியாம்மான்னு ஆஸ்பத்திரில பேசற மாதிரி பேசறான், போன எடுக்கவே பயமா இருக்கு என்றாள். அதனால் இந்தக் கடிதம் கிடைத்த உடனே அவளுக்குப் போன் போடு. சாப்பிட்டியா என்று கேட்காதே. அடியே குள்ளச்சி, மெத்தைக் கடையில குறட்டை விடறியாமே என்று ஆரம்பி.

உன்மேல் உயிரை வைத்திருக்கும்,
அம்மா